சபாபதி வீட்டு வாழ்த்துமடல்

சபாபதி வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் மோரோ காப்பியோ கிடைக்காது, வாழ்த்துமடல்தான் கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அந்த வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குச் சரிசமமான உயரத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ரோஜா நிறத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் கிள்ளானில் நடந்த அவருடைய கல்யாணத்துக்கு நண்பர்கள் பாட்டெழுதி, அச்சடித்து, பந்தலில் வாசித்துக் கொடுத்த மடல். உள்ளே வருகிறவரை அதன் முன்னால் நிறுத்தித் தொண்டையைச் செருமி, நாலு விருத்தத்தையும் ராகம் போட்டுப் பாடி முடித்த பிறகுதான் உட்காரச் சொல்வார். ரயில்வே சரக்குக் கொட்டகையில் அவர் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. கேட்காமல் போக யாருக்குத் தைரியம் வரும்?

கடைசி விருத்தம் வரும்போது குரல் ஒரு கட்டை ஏறும்.

"காரார் குழலாள் புஷ்பவல்லி கைத்தலம் பற்றி வாழியவே
சீரார் துரைமார் கூடிநின்று சிறப்புச் செய்த பந்தலிலே."

துரைமார் என்ற இடத்தை இரண்டு தரம் பாடுவார். வெள்ளைக்காரத் துரை வந்து நின்ற கல்யாணம் என்பதை வந்தவர் மறந்துவிடக் கூடாதல்லவா?

அந்தச் சட்டத்தைத் தினமும் துடைப்பவள் மாரியாயி. புஷ்பவல்லிக்கு உடன்பிறந்த அக்கா. வயது முப்பத்தொன்பது, கல்யாணம் ஆகாதவள். ஏன் ஆகவில்லை என்று சபாபதியின் மகள் தனலெட்சுமி சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். "எல்லாருக்கும் எல்லாம் அமையுதா?" என்று அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். தனலெட்சுமியைக் குளிப்பாட்டியது, தலைவாரியது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் இந்தப் பெரியம்மாதான். அவள் சபாபதியோடு மட்டும் நேருக்கு நேர் பேசமாட்டாள். "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அது மரியாதை என்றுதான் தனலெட்சுமி இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

தனலெட்சுமிக்குக் காஜாங்கில் மாப்பிள்ளை பார்த்து, தை இருபதில் முகூர்த்தம் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபாபதி பல் துலக்கிக்கொண்டே செய்தியைச் சொன்னார்.

"புஷ்பம், உங்க அக்காவுக்கு ஊருக்குப் போற கப்பல்ல பேர் பதிஞ்சாச்சு. தை பன்னெண்டு. சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் ஆபீஸ் கிராணி பாரத்தை வாங்கிக்கிட்டுப் போக வர்றாரு. கைநாட்டு வெச்சா முடிஞ்சது."

கித்தா என்கிற ரப்பரின் விலை தரைக்கு விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போய், கஞ்சிக்கு வழியில்லாத கூலிகளுக்காக விட்ட இலவசக் கப்பல். அதில் தன் மச்சினியை ஏற்றிவிட, தெரிந்த கிராணி ஒருவரைப் பிடித்திருக்கிறார் பெரிய மனிதர்.

"பெரியம்மாவையா? எதுக்குப்பா?" என்றாள் தனலெட்சுமி.

"காஜாங்காரங்க பழைய ஆளுங்க. கல்யாணம் ஆகாம நின்னுபோனவ மணவறைப் பக்கம் நடமாடினா என்ன நினைப்பாங்க? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"ஊர்ல அவங்களுக்கு யாரு இருக்கா?"

"மாமன் வீடு இருக்கு."

"அந்த மாமா செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த வீட்லதான தலைமுழுகினோம்?"

சபாபதி வாய் கொப்பளித்துத் துப்பினார். அதுதான் பதில். புஷ்பவல்லி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாரியாயி முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் துணியைப் பிழிந்த கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. தனலெட்சுமிக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்தில் பாதி பெரியம்மாவின் மேலும் திரும்பியது. ஏதாவது சொல்லேன், ஒரு வார்த்தை கத்தேன் என்று அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

சபாபதிக்கு அன்றைக்கு இன்னொரு வேலையும் ஆகவேண்டியிருந்தது. மகள் கல்யாணத்துக்கும் தம் மடலைப் போலவே, அதே பூக்கரை போட்டு, ஒரு வாழ்த்துமடல் அச்சாகவேண்டும். பழைய சட்டத்துக்குள் ஈரம் இறங்கிவிட்டது, அதையும் பிரித்துச் சரிசெய்யவேண்டும். மூன்றாவது தெருவில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் வேலாயுதம், அந்தக் காலத்தில் கிள்ளானில் எழுத்துக் கோத்தவர். "அவன் கையால அடிச்சதுதான் இது. காட்டு, தெரிஞ்சுக்குவான்" என்று சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி மகள் கையில் கொடுத்தார். கல்யாணம் நிச்சயமான பெண் தனியாகத் தெருவில் போகக் கூடாது. ஆகவே துணைக்கு மாரியாயியையும் அனுப்பினார்! செய்த காரியத்தை மனிதன் எவ்வளவு சுத்தமாக மறந்துவிடுகிறான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

அச்சுக்கூட வாசலில் ஒரு பலகை கிடந்தது. மாரியாயி குடையை மடக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள் வேலை செய்யும் இடத்துக்குள் அவள் போகமாட்டாள். தனலெட்சுமி மட்டும் உள்ளே போனாள்.

வேலாயுதம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, சட்டத்தைக் கவிழ்த்து, பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தாளை வெளியில் எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். வைத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டவர் போலச் சட்டென்று அதன் மேல் ஒரு பழைய காகிதத்தைப் போட்டு மூடினார்.

"நீ போம்மா. நான் பார்த்துச் செஞ்சு வைக்கிறேன். அடுத்த வாரம் ஆள் விட்டு அனுப்புறேன்."

மூடாமல் இருந்திருந்தால் அவள் பேசாமல் போயிருப்பாள். காகிதத்தை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரை ஒரே தாளாகத் தெரிந்தது இப்போது அப்படி இல்லை. மணமகள் என்ற சொல்லுக்குக் கீழே அதே ரோஜா நிறத்தில் ஒரு விரல் நீளத் துண்டு ஒட்டியிருந்தது. கடைசி விருத்தத்தில் இன்னொரு துண்டு. இரண்டிலும் புஷ்பவல்லி என்று இருந்தது. ஈரத்தில் பசை விட்டு, மேல் துண்டின் ஓரம் கிளம்பியிருந்தது.

"என்னங்கய்யா இது?"

"எழுத்துப் பிழை. அந்தக் காலத்துல அப்படித்தான் ஒட்டுவோம்."

"ரெண்டு இடத்திலயும் ஒரே பிழையா?"

தனலெட்சுமி நகத்தால் துண்டின் ஓரத்தைத் தூக்கினாள். "வேணாம்மா, விடும்மா" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வெங்காயத் தோல் மாதிரி வந்துவிட்டது. கீழே அச்செழுத்து கொஞ்சமும் மங்காமல் இருந்தது. சௌபாக்கியவதி மாரியாயி.

ஒரு கணம் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு எல்லாமே பிடிபட்டது போல இருந்தது. அப்போதும் நம்ப முடியவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "சொல்லலைன்னா வாசல்ல உக்காந்திருக்கிறவங்களையே உள்ள கூப்பிட்டுக் கேப்பேன்."

வேலாயுதம் வாசலை எட்டிப் பார்த்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்திருந்த பெண்பிள்ளை யார் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க அப்பாவுக்குப் பேசி முடிச்சது பெரிய பொண்ணைத்தான். அது ஊர்ல மாமன் வீட்ல வளர்ந்த பொண்ணு. கல்யாணத்துக்காகக் கப்பல்ல கூட்டிக்கிட்டு வந்தாங்க. சின்னது இங்க கிள்ளான்லயே தாய் தகப்பனோட இருந்துச்சு. கப்பல்ல ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருச்சு. சுவெட்டன்ஹாம் துறைமுகத்துல இறங்கினதும் மொத்தக் கப்பலையும் கொரண்டைன் முகாம்ல அடைச்சுட்டாங்க. பதினஞ்சு நாள் யாரும் வெளிய வர முடியாது. கல்யாணத்துக்கு இருந்தது ரெண்டு நாள்."

"தேதியைத் தள்ளிப் போட்டிருக்கலாமே?"

"அதைத்தான் நானும் சொன்னேன். உன் அப்பா அச்சடிச்ச நூறு தாளையும் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாரு. பேரை மட்டும் மாத்துங்கறாரு. பின்னால வாசல்ல உன் தாத்தா, பொண்ணுங்களைப் பெத்தவரு, துண்டால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு. நான் தேதியை மாத்தி வேற தாள் அடிச்சுத் தரேன், காசே வேணாம், பதினஞ்சு நாள் பொறுங்கன்னேன். முடியாதுன்னுட்டாரு. கொட்டகைத் துரை அந்தத் தேதிக்கு வரேன்னு சொல்லிட்டாராம். துரைகிட்டப் போய்த் தேதியை மாத்தச் சொல்ல முடியுமான்னாரு. இந்த முகூர்த்தத்துல சின்னதைக் குடுங்க, இல்லன்னா உங்க வீட்டுச் சம்பந்தமே வேணாம்னாரு. உன் தாத்தா தலையை ஆட்டிட்டாரு. தாளுக்கு ரெண்டா இருநூறு துண்டு. நான்தான் ஒட்டினேன்."

"ஒட்டினீங்க" என்றாள் தனலெட்சுமி.

"வேலைக்காரன்மா நான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்த எழுத்துப் பெட்டிகளையெல்லாம் தரையில் கவிழ்த்துவிடத் தோன்றியது. துரைக்காக! தேதியை மாற்றினால் துரை என்ன நினைப்பாரோ என்று பெண்ணை மாற்றியிருக்கிறார்கள். ஒரு சட்டையை மாற்றுவதென்றால்கூட மனிதன் இரண்டு நாள் யோசிப்பான். இருபது வருஷமாக அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அப்பாவோடு சேர்ந்து அவளும் பாடியிருக்கிறாள். பெரியம்மாவை வைத்துக்கொண்டே பாடியிருக்கிறாள். நகத்தால் இரண்டாவது துண்டையும் கிழித்தெடுத்து, தாளைச் சட்டத்தில் வைத்து வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, இதுல உங்க பேர் இருக்கு."

மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள். எழுத்தறியாதவள். "என் பேரா? இதுலயா?"

"உங்களுக்காக அடிச்சதுதான். மேல அம்மா பேரை ஒட்டியிருக்காங்க."

அழுவாள் என்றுதான் தனலெட்சுமி எதிர்பார்த்தாள். மாரியாயி அழவில்லை. புடவைத் தலைப்பில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, "எந்த இடம்?" என்று கேட்டாள். தனலெட்சுமி அவள் விரலைப் பிடித்து முதலில் மேலே வைத்தாள், பிறகு கீழே பாட்டுக்குள் வைத்தாள். மாரியாயி அந்த இரண்டு இடத்தையும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள்.

"கொரண்டைன்ல இருந்து வெளிய வந்தன்னிக்கு எங்கப்பன் வந்து நின்னான். கூறைப்புடவைப் பெட்டி என் கையில இருக்கு. தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சும்மா, பெட்டியைக் குடுன்னான். அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் எனக்கு யாரு வருவா? முகூர்த்தம் முறிஞ்சவன்னு பேராயிருச்சு. சரி, என் தலைவிதி, கப்பல்ல அம்மை வந்ததுக்கு யாரு என்ன செய்வான்னு இருந்துட்டேன்." அவள் பலகையை விட்டு எழுந்தாள். "என் பேரை அச்சடிச்சு வெச்சுக்கிட்டா என்னையே துடைக்கச் சொன்னாங்க? பண்டிகைக்குப் பண்டிகை பொட்டு வெச்சேனே, அதுக்கு!"

தெருவில் போன சீனக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மாரியாயி அவ்வளவு சத்தமாகப் பேசித் தனலெட்சுமியும் கேட்டதில்லை.

வீட்டில் சபாபதி எல்லாம் தயாராக வைத்திருந்தார். கூடத்து மேசையில் கிராணி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தனுப்பிய விண்ணப்பப் பாரம், பக்கத்தில் மைப்பெட்டி. தனலெட்சுமி பாரத்தை எடுத்துப் பார்த்தாள். பெயர் மாரியாயி. தொழில் கித்தாத் தோட்டக் கூலி, வேலை இழந்தவர். அதற்குக் கீழே, உறவினர் எவரும் இல்லாத ஆதரவற்ற பெண்.

"எந்தத் தோட்டத்துலப்பா பெரியம்மா பால் வெட்டினாங்க?"

"அப்படி எழுதினாத்தான் கப்பல்ல இடம் குடுப்பான். உனக்கென்ன தெரியும்? சட்டம் எங்க? சரிபண்ணிட்டானா?"

அவள் சட்டத்தைப் பாரத்தின் மேலேயே வைத்தாள். கண்ணாடி இல்லை. துண்டுகளும் இல்லை.

"பாடுங்கப்பா" என்றாள். "இப்ப இருக்கிற பேரோட பாடுங்க."

சபாபதி தாளைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. வெட்கத்தால் அல்ல, அதற்கெல்லாம் அவர் ஆள் இல்லை. "யார் இதைக் கிழிச்சது? அந்த அச்சுக்காரப் பயலா? கழுத்தைப் பிடிச்சு…"

"நான் கிழிச்சேன்."

"வாயை மூடு! அது பெரியவங்க கூடிப் பேசி எடுத்த முடிவு."

"நீங்க பேசின முடிவு. தாத்தா வாயைப் பொத்திக்கிட்டு நின்னாரு."

"ஆமா, பேசினேன்! அதுக்கென்ன இப்ப? இருபத்திரண்டு வருஷம் சோறு போடலியா? தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுத்துக் குடுக்கலியா? எவன் போடுவான்? துரை வர்ற கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியுமா? அவரு வந்து நின்னதாலதான் இன்னிக்கு நான் பெரிய கிராணி!"

"துரை வரவே இல்லடி."

சொன்னது புஷ்பவல்லி. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"அன்னிக்கு மழை. அவரு வரல. வந்த மாதிரிப் பாட்டு முன்னாடியே அச்சாயிருந்துச்சு, அதை வெச்சுக்கிட்டே காலம் பூரா பாடிட்டாரு. எனக்குப் பதினாலு வயசு. தலையை வாரி மணவறையில உக்கார வெச்சாங்க. அக்கா எப்ப வரும், அது வந்ததும் நான் எந்திரிச்சுக்கலாமான்னுதான் நான் கேட்டுக்கிட்டிருந்தேன். தாலி கட்டி முடிச்சாச்சு, அப்பவும் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க." அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "உன் மூஞ்சியைப் பார்க்க முடியாமத்தான் நான் அடுப்படியிலயே கிடந்தேன், அக்கா."

சபாபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. சமாளித்துக்கொண்டு மகளிடம் வந்தார். "நல்லா யோசிச்சுக்க. இது காஜாங்குக்குத் தெரிஞ்சா உன் கல்யாணம் நின்னுபோகும்."

"நிக்கட்டும். பெரியம்மாவைக் கப்பலேத்திட்டு நடக்கிற கல்யாணம் எனக்கு வேணாம். மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"திமிரெடுத்த கழுதை!" என்று கையை ஓங்கினார்.

"அவளை விடுங்க."

சுவரைப் பார்க்காமல், காற்றைப் பார்க்காமல், மாரியாயி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"கைநாட்டுதான வேணும்? அதுக்குத்தான இவ்வளவு சத்தம்?" அவள் மேசைக்கு வந்து மைப்பெட்டியைத் திறந்து, வலது பெருவிரலை அதில் அழுத்தி எடுத்தாள்.

"பெரியம்மா, வேணாம்!" என்று தனலெட்சுமி கையைப் பிடிக்கப் போனாள். மாரியாயி அவளைத் தள்ளினாள்.

"தனம், அந்தப் பாரத்துல என்னன்னு எழுதியிருக்கு என்னை?"

"ஆதரவற்ற பெண்ணுன்னு."

"இதுல?"

"மணமகள். சௌபாக்கியவதி மாரியாயி."

"அப்ப என் தாள் இதுதான்" என்று சொல்லி, ரோஜா நிறத் தாளில், தன் பெயரென்று விரல் பழகியிருந்த அந்த இடத்துக்குப் பக்கத்தில், பெருவிரலை ஊன்றினாள். சபாபதி என்ற பெயரின் பாதி அந்த மையில் மூழ்கிப்போனது. அவர் "ஐயோ" என்று தாளைப் பிடுங்கப் பாய்ந்தார். புஷ்பவல்லி கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. கிராணி சொன்னபடி நாலு மணிக்கு வந்துவிட்டார். சபாபதி அசையவில்லை. புஷ்பவல்லியும் அசையவில்லை. சட்டத்துக்கடியில் கைநாட்டு விழாமல் கிடந்த பாரத்தைத் தனலெட்சுமி எடுத்து நீட்ட, மாரியாயி அதை மை படியாத கையால் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நான்தான் மாரியாயி" என்று கிராணியிடம் சொல்வது உள்ளே கேட்டது. "நான் எங்கயும் போகல."